பால்காரர் சைக்கிள் ஃப்ரேம்ல ஃபிக்ஸி: 14 மாசம், 3,100 கிலோமீட்டர் ஓட்டினதுக்கு அப்புறம்

2013 வாக்குல பெங்களூர்ல வேலை பாக்குறப்ப ஒரு ஃபிக்ஸி வச்சிருந்தேன். தெரியாதவங்களுக்கு: பின் சக்கரத்துல ஃப்ரீவீல் கிடையாது, சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்திக்கிட்டே இருக்கும், காலை சும்மா வச்சுக்கிட்டு மிதக்கவே முடியாது. அப்புறம் கல்யாணம், சென்னை, வாடகை வீட்ல மாடிப்படிக்கு கீழ இடமில்ல, வித்துட்டேன். நடுவுல ஒரு கியர் சைக்கிள் வாங்கி அதை ஓட்டினதை விட சர்வீஸ் விட்டதுதான் ஜாஸ்தி.

போன வருஷம் தெருமுனை சைக்கிள் கடைல பஞ்சர் போட போனப்ப பரண் மேல ஒரு பழைய ஹெர்குலிஸ் ஃப்ரேம் கிடந்துச்சு. ஒரு பால்காரர் வருஷக்கணக்கா கேன் கட்டி ஓட்டினதாம், பின்னாடி கம்பில கொக்கி மாட்டுன தழும்பு ரெண்டு பக்கமும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. கடைக்காரர் 900 ரூபாக்கு குடுத்தாரு. அம்பத்தூர்ல செஞ்ச வண்டி, இரும்பு பைப்பு, லக்ல (பைப்பு சேர்ற மூட்டு உறை) வச்சு பத்த வச்சது, தட்டினா கிண்ணுன்னு இருக்கு. முக்கியமா ஆக்சில் உக்கார்ற காடி பின்பக்கம் திறந்திருக்கும், சக்கரத்தை பின்னாடி இழுத்தே செயினை டைட் பண்ணிக்கலாம், ஃபிக்ஸிக்கு வேண்டியது அதான். இந்த வசதி ஊர்ல ஓடுற பழைய பெரிய சைக்கிள் எல்லாத்துலயும் இருக்கு, நாமதான் கண்டுக்கல.

மெக்கானிக் அண்ணன்கிட்ட ஃப்ரீவீல் வேண்டாம்ணே, பல்சக்கரத்தை அப்படியே ஹப்போட இறுக்கிடணும்னு தயங்கி தயங்கி சொன்னேன். அவரு "சர்க்கஸ் வண்டிக்கு பண்றதுதானே தம்பி, இதுக்கா இவ்வளவு நேரம் இழுக்குற"ன்னு கேட்டாரு. ஊர்ல மைதானத்துல நாள் கணக்கா இறங்காம சைக்கிள் ஓட்டுற ஆளுங்களுக்கு வண்டி ரெடி பண்ணிக் குடுத்தவராம். நான் என்னமோ புதுசா கொண்டு வர்ற மாதிரி பேசிட்டு இருந்திருக்கேன்.

பழைய பின் ஃபோர்க் அகலம் 110 மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்துச்சு, ட்ராக் ஹப்புக்கு (ஃபிக்ஸிக்கு போடுற சக்கர நடுபாகம்) 120 வேணும். அண்ணன் ஒரு நீள போல்ட்டை குறுக்க குடுத்து நட்டை திருப்பித் திருப்பி அகட்டிட்டாரு, இரும்புங்கிறதால தாங்குச்சு, அலுமினியத்துல இந்த வேலையே வேணாம். ஹப் ரெண்டு பக்க ஹப், ஒரு பக்கம் ஃபிக்ஸட், மறுபக்கம் சாதா ஃப்ரீவீல், சக்கரத்தை கழட்டி திருப்பி போட்டா போதும். ஒத்துக்கறேன், முதல் ரெண்டு வாரம் ஃப்ரீவீல் பக்கம் வச்சுதான் ஓட்டினேன், பயம்.

நான் பண்ண தப்பு சக்கர சைஸ்ல. பழைய 28 இஞ்ச் ரிம்முக்கு டயர் உக்கார்ற விட்டம் 635 மில்லி, நான் போட்டது 622. ரிம்ல மட்டும் ஆறரை மில்லி இறங்கிடுச்சு, டயரும் 32 மில்லி அகலம்னு ஒல்லியா போட்டதால மொத்தமா ஒரு சென்டிமீட்டருக்கு மேல வண்டி கீழ உக்காந்துடுச்சு. சாதா சைக்கிள்னா இது தெரியவே தெரியாது, வளைவுல உள்பக்க பெடலை மேல தூக்கி வச்சுக்குவோம். இதுல தூக்கி வைக்க முடியாதே, கால் சுத்திக்கிட்டேதான இருக்கு! அடையார் பக்கம் ஒரு திருப்பத்துல கொஞ்சம் சாஞ்சேன், பெடல் தரைல உரசி பின் சக்கரம் ஒரு துள்ளு துள்ளுச்சு, விழலை, ஆனா அன்னிக்கு காபி குடிக்கறப்ப கை ஆடிட்டு இருந்துச்சு. ஸ்பீடு பிரேக்கர்லயும் இதே கதை, பெடல் எங்க இருக்குன்னு முன்னாடியே கணக்கு பண்ணணும். இன்னொருதரம் பண்ணா குண்டு டயர்தான் போடுவேன்.

பல் கணக்கு: பெங்களூர்ல முன்னாடி 48, பின்னாடி 16. வயசு அப்படி. வகுத்தா சரியா 3 வரும், பெடல் ஒரு சுத்து சுத்தினா சக்கரம் சரியா மூணு சுத்து, அதாவது காலை லாக் பண்ணி சறுக்கறப்ப எப்பவும் டயர்ல ஒரே இடம்தான் தேயும், ஒரு டயர் அப்படியே நூல் தெரிஞ்சு போச்சு. இப்ப 44க்கு 18, சுருக்கினா 22க்கு 9, ஒன்பது இடத்துல பிரிஞ்சு தேயும். பெடல் ஒரு முழு சுத்துக்கு சுமார் 5.3 மீட்டர் போகும், நிமிஷத்துக்கு 90 சுத்து மிதிச்சா 28 கிமீ ஸ்பீடு, எனக்கு தாராளம். சமதளத்துல சுகம், கத்திப்பாரா மேம்பாலம் இறங்கறப்பதான் தையல் மிஷின் மாதிரி கால் பறக்கும். சறுக்குறதையும் இப்ப விட்டுட்டேன், முட்டி கேக்குது. முன்பக்கம் நல்ல காலிப்பர் பிரேக் ஒண்ணு போட்டிருக்கேன். பிரேக் இல்லாம ஓட்டுறது வெலோட்ரோமுக்கு (சைக்கிள் ரேஸ் மைதானம்) சரி, குறுக்க மாடும் ஷேர் ஆட்டோவும் வர்ற ரோட்டுக்கு இல்ல.

ஃபிக்ஸட் பக்கம் திருப்பிப் போட்ட மூணாவது நாள் சிக்னலுக்கு முன்னாடி பழக்கதோஷத்துல மிதிக்கறதை நிறுத்தினேன், பெடல் காலை தூக்கி சீட்டை விட்டே எழுப்பிடுச்சு. பத்து வருஷத்துல உடம்பு மறந்துடுச்சு. ஒரு மாசம் ஆச்சு திரும்ப வர. வந்தப்புறம் ட்ராஃபிக்ல கையை விட காலாலயே வேகத்தை கூட்டிக் குறைக்கற அந்த ருசி இருக்கே, அதுக்காகத்தான் இவ்வளவு செலவும். மெரினா ரோட்ல காலைல அஞ்சரைக்கு செயின் சத்தம் கூட இல்லாம போகும்.

இன்னும் ரெண்டு விஷயம். வேட்டி, லுங்கி கட்டிட்டு ஏறாதீங்க, சாதா வண்டில துணி மாட்டினா மிதிக்கறதை நிறுத்திடலாம், இதுல நிறுத்தறதுக்குள்ள இழுத்துடும். சக்கரத்தை சுத்தவிட்டு செயினை துணியால துடைக்கிறதும் அதே மாதிரி, விரல் போயிடும். ஒரு கடைல வாங்கின பின் பல்சக்கரத்தோட லாக்ரிங் (பல்சக்கரம் கழராம பிடிச்சுக்கற வளையம்) மூணே மாசத்துல த்ரெட் போயி கழண்டுச்சு, கடைக்காரர் நான்தான் தப்பா டைட் பண்ணேன்னு சாதிச்சாரு, வேற வாங்கிட்டேன், ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் சாவி போட்டு பாக்கறேன்.

கிராங்கு (பெடல் மாட்டுற கை) மட்டும் பழசையே வச்சிருக்கேன், காட்டர் பின், அதாவது ஆப்பு மாதிரி ஒரு பின் அடிச்சு பிடிக்க வைக்கற டைப். காலால பின்னாடி அழுத்தி அழுத்தி நிறுத்தறதுல பின் தளர்ந்து ஒவ்வொரு மிதிக்கும் டக்கு டக்குனு ஒரு சத்தம். இதுவரைக்கும் மூணு பின் மாத்தியாச்சு, ஒவ்வொண்ணையும் அரம் போட்டு ராவித்தான் உக்கார வைக்கணும், இல்லன்னா ரெண்டு பெடலும் நேர்கோட்ல நிக்காது. கொக்கித் தழும்பு மேல பெயிண்ட் அடிக்கவான்னு அண்ணன் கேட்டாரு, வேணாம்னுட்டேன். இடது பின் நேத்துலேர்ந்து மறுபடி சத்தம் போடுது, ஞாயித்துக்கிழமை கடை திறந்திருந்தா போகணும்.