கனமான பைப்பை டவுன்ஹில் ஓட்ட எந்த ராடு?

பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோடு, வாளையாறு பக்கம் பைப் வெல்டிங் வேலைக்கு வரும் நம்ம ஊர்ப் பையன்கள் அடிக்கடி கேட்பது, எந்த வெல்டிங் ராடு, 6010-ஆ 7018-ஆ என்று. டவுன்ஹில் என்றால், அதாவது பைப்பின் உச்சியில் (கடிகாரத்தின் 12 மணி நிலை) ஆர்க் பிடித்து அடிக்கு (6 மணி நிலை) இறங்குவதென்றால், 8045 என்ற ராடையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

ரூட்டுக்கு, அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் வரிக்கு, என் ஓட்டு 6010-க்குத்தான். செல்லுலோஸ் பூச்சு என்பதால் ஆர்க் ஆழமாக இறங்கும், ஸ்லாக் (மேலே படியும் கசடு) குறைவு, உருகிய உலோகம் வழிவதற்குள் உறைந்துவிடும். பக்கத்துக்கு 30 டிகிரி பெவல் (விளிம்புச் சரிவு), 1.6 மி.மீ. இடைவெளி, அதே அளவு ரூட் ஃபேஸ் (சரிக்காமல் விடும் அடி விளிம்பு) வைத்து, ராடை லேசாக அழுத்தி இழுத்துக்கொண்டே போகலாம். ரூட்டைக் கிரைண்டரில் சுத்தம் செய்ததும், ஆற விடாமல் ஹாட் பாஸ், அதாவது இரண்டாவது வரி, போட வேண்டும். ஓரத்தில் மாட்டிய ஸ்லாக்கை அந்தச் சூடுதான் கிளப்பும். பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கும்போது டிக் (TIG) வெல்டிங்கில் ரூட் போட்டால், அதைக் காக்கும் ஆர்கான் வாயு பறந்துவிடும். 6010 அதைவிட நன்றாகத் தாங்கும், ஆனாலும் மறைப்பு கட்டுங்கள். இன்னொன்று, சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் பலவற்றில் இந்த ராடு அணைந்து அணைந்து போகும். மெஷினைப் பார்த்து எடுங்கள்.

7018 அருமையான ராடு, ஆனால் கீழிருந்து மேலே ஏறும்போது. கீழ்நோக்கி ஓட்டினால் ஸ்லாக் உருகிய உலோகக் குட்டையை முந்திக்கொண்டு ஓடி, உலோகத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். மேலே பார்க்க அழகாக இருக்கும், எக்ஸ்ரேயில் கோடு தெரியும். தொழில் நன்றாகத் தெரிந்த கையானாலும் இதை முயல வேண்டாம்.

ராடு வைக்கும் இடத்தில்தான் நிறைய வேலை கெடுகிறது. 7018-க்கு ஈரம் ஆகவே ஆகாது. எடவப்பாதி மழையில் திறந்து கிடந்த பெட்டியை அப்படியே ஓட்டினால் ஹைட்ரஜன் உள்ளே போய், பற்றவைத்த மறுநாள்கூட விரிசல் விடலாம். பெரும்பாலும் 300 முதல் 350 டிகிரியில் பேக் செய்து (சுட்டு உலர்த்தி), பிறகு சின்ன ஓவனில் சூடாகவே வைத்து எடுக்க வேண்டும். 6010 நேர் எதிர். அதன் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் ஆர்க் சரியாக வேலை செய்யும். அதை அதே ஓவனில் போட்டால் ராடே வீண். இரண்டையும் ஒரே ஓவனில் அடுக்குகிற சைட்டைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

சுவர் தடிமனாக ஆக, 6010-இன் குறை வெளியே வரும். அது ஹைட்ரஜனை நிறையத் தரும், தடித்த இரும்போ சூட்டைச் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். எக்ஸ்65, எக்ஸ்70 தரம் போன்ற உறுதியான பைப்பில் ப்ரீஹீட் (முன்கூட்டிச் சூடேற்றுவது) இல்லாமல் ஓட்டினால் விரிசலுக்கு வழி. அங்கே ஃபில்லுக்கும் (நிரப்பும் வரிகள்) கேப்புக்கும் (கடைசி மேல் வரி) 8010 என்ற செல்லுலோஸ் ராடு போடுவார்கள். வேகம் கிடைக்கும், ஹைட்ரஜன் குறையாது.

அதனால் தடித்த சுவருக்கு நான் தேர்ந்தெடுப்பது 6010-இல் ரூட்டும் ஹாட் பாஸும், மீதிக்கு முதலில் சொன்ன 8045, முழுப்பெயர் 8045-பி2. கீழ்நோக்கி ஓட்டவே செய்த குறைந்த ஹைட்ரஜன் ராடு அது, ஸ்லாக் முந்தாது. விலை அதிகம், பேக்கிங்கும் வேண்டும், ஆர்க்கைக் குட்டையாகப் பிடிக்கப் பழகவும் வேண்டும். ரிப்பேர் வெட்டி மறுபடி போடும் செலவோடு பார்த்தால் அந்த விலை பெரிதில்லை.

பழகிய பிறகும் சைட்டில் நீங்களாக மாற்றிவிடக் கூடாது. ராடு வகையோ, ஏறுவதா இறங்குவதா என்பதோ மாறினால், பைப்லைன் வெல்டிங் விதிநூலான ஏபிஐ 1104-படி வெல்டிங் புரொசீஜரை (செய்முறையை) மறுபடி தேறவைக்க வேண்டும்.