சென்னையிலிருந்து ஊருக்கு: போன் மேப்பை நம்பி வருஷக்கணக்கில் ஓட்டிய அனுபவம்

போனில் மேப் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து ஊர் ஊராகப் போய்வருகிறவன் நான், வருஷக்கணக்காகிவிட்டது. எந்த ஆப் என்று பேர் சொல்லப்போவதில்லை. ரெண்டு மூணு மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன், குணம் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வதில் கெட்டி. எந்த ரோடு நல்ல ரோடு என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்த வேலையை நாம் பார்த்துக்கொண்டால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

சென்னையை விட்டு வெளியே வரும் வரை அது சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர்ந்து ஊர்ந்து பரனூர் டோலைத் தொடுவதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவப்புக் கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று வீட்டிலேயே பார்த்துவிட்டால், ஓஎம்ஆரில் கேளம்பாக்கம், திருப்போரூர் போய் செங்கல்பட்டில் ஏறலாமா, இல்லை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சுற்றி சிங்கப்பெருமாள் கோயிலில் சேரலாமா என்று முடிவெடுக்க முடிகிறது. இந்தச் சிவப்பு, மஞ்சள் எல்லாம் ரோட்டில் போகிற மற்றவர்களின் போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்து வருவது. அதனால் பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் ஒரு கூத்து நடக்கும்: மாற்று வழி காலியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லும், எல்லாரும் திரும்புவார்கள், அரை மணியில் திருப்போரூர் ரோடும் சிவந்துவிடும். அந்த நாட்களில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதைத் தவிர வேறு வழியில்லை, எந்த ஆப்பும் உதவாது. காட்டுகிற நேரத்தில் டீ, டீசல், பின்சீட்டுக் குழந்தையின் வாந்தி எதுவும் சேராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேம்பாலம் வந்தால் காதைவிடக் கண்ணை நம்புங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன, அங்கிருந்து வரும் சிக்னலை வைத்து நீங்கள் கத்திப்பாரா பாலத்துக்கு மேலே இருக்கிறீர்களா கீழே இருக்கிறீர்களா என்று கண்டுபிடிப்பது போனுக்குக் கஷ்டம். மெயின் ரோடும் சர்வீஸ் ரோடும் ஒட்டிக்கொண்டு போகும் இடத்திலும் இதே கதைதான். இன்னொன்று, 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் நகர்கிறது. போன் யோசித்து, குரல் வந்து, 'இடது பக்கம் திரும்பவும்' என்று முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும். கத்திப்பாரா, மதுரவாயல் மாதிரி இடங்களை முதல் தடவை கடக்கிறவர்கள் முந்தின இரவே மேப்பைப் பெரிதாக்கி எந்த வளைவில் ஏற வேண்டும் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது நல்லது. ரோட்டில் பச்சைப் பலகை தெளிவாகத்தான் இருக்கிறது, போனையே பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அது கண்ணில் படுவதில்லை.

இனி அந்தப் 'பத்து நிமிஷம் மிச்சம்' விவகாரம். என் பெரிய மனக்குறை இதுதான், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருவண்ணாமலைக்குத் திண்டிவனம், செஞ்சி வழியாகப் போவதுதான் பழக்கமான பாதை. மேப் திடீரென்று மேல்மருவத்தூரில் திருப்பிவிட்டு வந்தவாசி, சேத்துப்பட்டு என்று கொண்டுபோகும். அதுகூடப் பரவாயில்லை, பஸ் ஓடுகிற ரோடுதான். அதற்கும் உள்ளே, ஒரு கார் போனால் எதிரே வருகிற டிராக்டர் வயலில் இறங்கி நிற்க வேண்டிய ரோட்டில் குறுக்கு வழி காட்டும்போதுதான் பிரச்சினை. அறுவடை நேரமாக இருந்தால் ரோட்டில் பாதியைக் கருங்கல் வரிசை வைத்து ஒதுக்கி நெல் காயப்போட்டிருப்பார்கள், பக்கத்தில் நீலத் தார்ப்பாய் சுருட்டிக் கிடக்கும். கொஞ்சம் தள்ளி உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருப்பார்கள், வண்டி ஏறி ஏறித்தான் மணி உதிர வேண்டும், அந்தக் கொடி நம் காருக்கு அடியில் சுற்றிக்கொள்ளும். ஆடி மாதம் என்றால் கேட்கவே வேண்டாம், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவதற்கு ரோட்டின் குறுக்கே பந்தல் போட்டிருப்பார்கள், மேப்பில் அது வழவழவென்று நீலக் கோடாகத்தான் தெரியும். அப்படி ஒரு திருப்பத்தில் டீக்கடைக்காரரிடம் கேட்டேன். "அண்ணா, திருவண்ணாமலைக்கு இப்படிப் போலாமா?" அவர் போனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "போலாம் சார். ஆனா தரைப்பாலத்துல தண்ணி போவுது. பெரிய ரோட்டுக்கே போயிடுங்க." முந்தின நாள்தான் மழை. நீலக் கோடு அந்தத் தரைப்பாலத்துக்கு மேலேதான் போய்க்கொண்டிருந்தது.

இதற்கு நான் கண்ட வழி, நடுவில் நிறுத்தங்களை நாமே சேர்த்துவிடுவது. திருவண்ணாமலை என்று மட்டும் போடாமல் திண்டிவனம், செஞ்சி இரண்டையும் நிறுத்தமாகப் போட்டால் குறுக்கே இழுக்காது. போகிற வழியில் 'வேகமான வழி கிடைத்துள்ளது' என்று கேட்டால் ஒரே விதி, மிச்சம் கால் மணிக்குக் கீழே என்றால் வேண்டாம். அப்புறம் செட்டிங்கில் 'டோல் தவிர்' என்பது அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். என் மச்சான் போனில் அது எப்போதோ ஆன் ஆகி அப்படியே இருந்தது, மனுஷன் விழுப்புரம் மாவட்டத்தில் பாதி கிராமங்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்து சேர்ந்தார்.

மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழி தூரம் குறைவு, மேப்புக்கு அது போதும், ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்துச் சரிவில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குத் தடை. முதுமலையைத் தாண்டினால் வரும் பந்திப்பூர் காட்டு ரோடு இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும், சத்தியமங்கலம் பக்கம் திம்பத்திலும் அதே நேரக் கட்டுப்பாடு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை வந்தது, அதையும் வழிகாட்டும் குரல் சொல்லாது, செக்போஸ்டில் நிற்கும்போதுதான் தெரியும். சிக்னல் கதை தனி. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கமும் டேட்டா வரும், போகும். இருக்கும் இடத்தைக் காட்ட டேட்டா தேவையில்லை, செயற்கைக்கோள் சிக்னல் இலவசம், சிம் இல்லாமலும் வரும். படம் இறங்குவதற்குத்தான் டேட்டா. வீட்டு வைஃபையில் அந்த மாவட்டத்தையே இறக்கி வைத்துவிட்டால் கவலையில்லை, டிராஃபிக் மட்டும் தெரியாது.

மழைக்காலத்தில் சென்னைக்குள்ளேயே மேப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. துரைசாமி சுரங்கப்பாதை, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை எல்லாம் ஒரு பெரிய மழைக்கே நிரம்பிவிடும். அங்கே வண்டியே போகாதபோது நகர்வதற்குப் போனும் இருக்காது, ஆக ரோடு காலியாக இருப்பது போலத் தெரிய வாய்ப்பு உண்டு. எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்று டிராஃபிக் போலீஸ் போடுகிற பதிவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவேன்.

சாமான் விஷயத்துக்கு வருகிறேன். முன்கண்ணாடியில் ஒட்டுகிற உறிஞ்சி ஸ்டாண்ட் மே மாசத்தில் தானாகக் கழன்று மடியில் விழும், வாங்காதீர்கள். ஏசி துவாரத்தில் மாட்டுகிற ஸ்டாண்ட்தான் சரி, போனுக்கும் குளிர்ச்சி. நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயமில்லை. ஐபோனுக்கே 35 டிகிரி வரைதான் என்று கம்பெனி சொல்கிறது, நமக்கு மே மாசம் நிழலிலேயே 40ஐத் தொடும். சூடு ஏறினால் முதலில் ஸ்கிரீன் மங்கும், அடுத்து சார்ஜ் ஏறுவது நிற்கும். வயர்லெஸ் சார்ஜர் சூட்டை இன்னும் கூட்டுகிறது, கேபிளே போதும். விலை மலிவான கார் சார்ஜர் வாங்கினால் ஏறுவதைவிட இறங்குவது அதிகமாக இருக்கும். பைக்கில் போகிறவர்கள் போனை நேராக ஹேண்டில்பாரில் மாட்டாமல் இருப்பது நல்லது. சக்திவாய்ந்த பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் சொல்லியிருக்கிறது. அதிர்வைத் தாங்குகிற ஸ்டாண்ட் இல்லையென்றால், ஒரு காதில் மட்டும் குரலைக் கேட்டுக்கொண்டு போனைப் பையில் போட்டுவிடலாம்.

போலீஸ் பிடிக்குமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 அக்டோபர் 1 முதல் வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டுகிறவரின் கவனம் சிதறாதபடி, போனைப் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. கையில் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப் பார்த்தால் அது கேஸ்தான்.

போய்ச் சேருகிற இடத்தைச் சொல்வதுதான் கிராமங்களில் பெரிய தலைவலி. குலதெய்வக் கோயில் பேரைத் தட்டினால் அதே பேரில் அஞ்சாறு அங்காளம்மன் வரும், நம்முடையது அதில் இருக்காது. அங்கே இருக்கிற சித்தப்பாவிடம் "கோயில் வாசல்ல நின்னு லொகேஷன் அனுப்புங்க" என்று சொல்லிவிடுவதுதான் வேலைக்கு ஆகும். வீட்டில் உட்கார்ந்து அனுப்பினால் அவர் வீட்டுக்குத்தான் போவோம். அஞ்சல் துறை 2025இல் டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது, சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டத்துக்கு ஒரு பத்தெழுத்துக் குறியீடு. வாசல் வரை சரியாகக் காட்ட அது தோதாக இருக்கும், சித்தப்பாவுக்கு அதைப் புரியவைக்க எனக்குத்தான் பொறுமை இல்லை.

இப்போது வழி காட்டுவதற்கென்றே பழைய போன் ஒன்றை வண்டியில் வைத்துவிட்டேன். சிம் கிடையாது, கைப்போனின் ஹாட்ஸ்பாட்டில் ஓடுகிறது. ஆபீஸ் கால் வந்து சரியாகத் திருப்பத்தின்மேல் ஸ்கிரீனை மறைக்கிற தொல்லை இதோடு ஒழிந்தது. ஒரே குறை, வெயிலில் நிறுத்தும்போது ஞாபகமாக எடுத்து உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி உப்பிக்கொள்ளும்.