கோட்டிங் பிஸ்டனும் காலை நேரத்து டொக் டொக்கும்

புல்லட்டை ரீபோர் செய்ய, அதாவது தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் குடைய, கொடுக்கவிருக்கும் நண்பர் ஒருவர், உராய்வைக் குறைக்கும் கோட்டிங் பூசிய ஓவர்சைஸ் (அசலைவிடச் சற்றே பெரிய) பிஸ்டன் போடலாமா என்று கேட்டிருந்தார். வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட என் பழைய 350-இல் அத்தகைய 20 அளவுப் பிஸ்டனோடு (அசலைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரியது) இரண்டு ஆண்டுகளில் 14,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். சொல்வதற்கு விஷயமும் உண்டு, கொஞ்சம் கோபமும் உண்டு.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், வேகமும் இல்லாமல் காற்றும் படாமல் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகும்போதுதான் பழைய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொண்டது. மைலேஜுக்கு ஆசைப்பட்டு, பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டைச் சிறியதாகப் போட்டு இன்ஜினைச் சூடேற்றியது நான்தான் என்பதால் அதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. புதிய பிஸ்டன் அதே ஏற்றத்தைக் கோடையிலும் பலமுறை ஏறிவிட்டது, ஒருமுறைகூட இறுகவில்லை. சென்ற மாதம் வால்வு வேலைக்காகச் சிலிண்டரைக் கழற்றியபோது, உந்துவிசை விழும் பின்பக்க ஸ்கர்ட்டில் (பிஸ்டனின் கீழ்ப்புறச் சுவரில்) கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்திருந்தது. கீறல் ஒன்றுகூட இல்லை. சிலிண்டர் சுவரில் எண்ணெய் நிற்பதற்காக இழைத்த ஹோனிங் கோடுகளும் அப்படியே தெரிந்தன.

அப்போதுதான் அந்த ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதியில், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் குறுக்குக் கம்பிக்குச் (பிஸ்டன் பின்) செங்குத்தான திசையில், பூச்சே இல்லாத இரண்டு சிறு வட்டங்கள் கண்ணில் பட்டன. மைக்ரோமீட்டரை வைத்து அளப்பதற்கென்றே விடப்பட்ட இடங்கள் அவை. போரிங் கடைக்காரர் அன்று பூச்சின் மேலேயே அளந்து, அதற்கேற்பச் சிலிண்டரைக் குடைந்தார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. இந்த இன்ஜினில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே ஏறத்தாழ 0.10 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது வழக்கம்; அவர் பாதுகாப்புக்கென்று அதில் இன்னும் கொஞ்சம் கூட்டினார். பக்கத்துக்குப் 15 மைக்ரான் என்று வைத்தால் பூச்சே மொத்தம் 0.03 வந்துவிடும் என்பதால், அது தேயத் தேய இடைவெளி 0.14-ஐ நெருங்குகிறது.

இதன் பலன், காலையில் கிக்கரை உதைத்ததும் தளர்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டி இரண்டு நிமிடத்துக்குக் கேட்கும் டொக் டொக். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால், சூடேறியதும் சத்தம் அடங்கிவிடுகிறது. இன்ஜினுக்குக் கேடு எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெரியவர், "தம்பி, வண்டியில என்னமோ தட்டுதே" என்று சொல்லாத நாளில்லை.

நியாயமாகப் பார்த்தால் பிழையில் முக்கால் பங்கு அளவெடுத்ததில்தான். மீதிப் பங்கு, இடைவெளியை மட்டும் பிஸ்டனோடு வரும் சீட்டில் அச்சிட்டுவிட்டு, அது பூச்சின் மேல் எடுத்த அளவா வெறும் உலோகத்தில் எடுத்த அளவா என்று சொல்லாமல் விட்டவர்களுக்கு.

எனவே நண்பர் முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிறகே சிலிண்டரைப் போரிங்குக்குக் கொடுக்கட்டும். அந்த வட்டங்களைக் கடைக்காரரிடம் விரல் வைத்துக் காட்டட்டும். இறுக்கமாக இருக்கிறதென்று யாராவது எமரி தாளால் பூச்சைத் தேய்க்க வந்தால் பிஸ்டனைப் பிடுங்கிக்கொள்ளட்டும். ஹோனிங் முடிந்ததும் பெட்ரோலால் துடைத்தால் போதாது. சோப்பும் வெந்நீரும் கொண்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு படிவது நிற்கும் வரை கழுவ வேண்டும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், அடுத்து 40 அளவுக்குப் போகும்போது நான் பூச்சில்லாத சாதாரணப் பிஸ்டனைத்தான் போடுவேன். இன்று காலையும் பெரியவர் கேட்டுவிட்டார்.