பாரிமுனை ஆண்டர்சன் தெரு: கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

வடசென்னை வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தாலே, துணிக்கு எம்.சி. ரோடு, நகைக்கு என்.எஸ்.சி. போஸ் ரோடு, பத்திரிகைக்கு ஆண்டர்சன் தெரு என்று பெரியவர்கள் விரல் மடக்கிச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தெருவிலும் பக்கத்துப் பந்தர் தெருவிலும் காகிதம், டிசைன், அச்சு, கட்டிங், ஃபாயில் (பளபளக்கும் மெல்லிய தாளை அழுத்திப் பதிப்பது), கவர் என்று எல்லாமே நடக்கிற தூரத்தில் கிடைக்கும். இது ஏதோ ஒரு கடையைப் பற்றிய மதிப்பீடு இல்லை, தெருவையே ஒரு சேவையாக வைத்து எழுதியது. விலைக்கும் தேர்வுக்கும் இந்தத் தெருவைத் தாராளமாக நம்பலாம். ஆனால் பத்திரிகை உங்கள் வீட்டுப் பத்திரிகையாகத் தெரிய வேண்டுமென்றால் பணத்தை அட்டையில் கொட்டாதீர்கள். வாசகத்துக்கும், அச்சுக்கு முன் பிழை பார்க்கும் புரூஃபுக்கும் நேரம் கொடுங்கள்.

கடையில் முதலில் கேட்பது, ரெடிமேட் கார்டா, கஸ்டமா என்றுதான். ரெடிமேட் என்றால் படம், கரை, கவர் எல்லாம் ஏற்கெனவே அச்சாகி வந்த அட்டை. அதில் உங்கள் வாசகத்தை மட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஏற்றித் தருவார்கள். வேகமாக முடியும், சிக்கனமும்கூட. கஸ்டம் என்றால் வெள்ளை அட்டையிலிருந்தே தொடங்கும் வேலை. நான்கு வண்ண ஆஃப்செட் அச்சுக்கு, நிறத்துக்கு ஒன்றாக நான்கு பிளேட் (அச்சுத் தகடு) போட வேண்டும். 100 அடித்தாலும் 1000 அடித்தாலும் பிளேட் செலவு ஒன்றுதான். எனவே 200, 300 பத்திரிகைக்குள் முடிகிற கல்யாணத்துக்கு பிளேட் தேவையில்லாத டிஜிட்டல் பிரிண்ட் போதும். அதற்கு வழவழப்பான அட்டையாகப் பார்த்து எடுங்கள். சொரசொரப்பான அட்டையில் டோனர் (மைத்தூள்) பள்ளங்களில் இறங்காமல் எழுத்து திட்டுத்திட்டாக விழும்.

விலை கேட்கும்போது, 'ஒரு கார்டு எவ்வளவு' என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அட்டை, கவர், ஒவ்வொரு நிறத்துக்குமான அச்சுக்கூலி, டிசைன் கூலி, ஃபாயிலைப் பதிக்கும் பிளாக் (அச்சுக்கட்டை), மடிப்பு, ஒட்டுவேலை என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொல்கிறார்களா, சேர்க்காமலா என்பதையும் அதே சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் கார்டு மலிவாகவும் அச்சுக்கூலி அதிகமாகவும் இருக்கும், அடுத்த கடையில் அது தலைகீழாக இருக்கும். மொத்தத் தொகையை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

அட்டையின் கனம் பற்றி வரும் ஆசை அளவுக்கு மீறியது. 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையை ஏ4 அளவில் எடுத்து இரண்டாக மடித்தால் ஒரு பத்திரிகை ஏறத்தாழ 19 கிராம். கவரோடு 30 கிராமை நெருங்கும். 500 பத்திரிகை என்றால் 15 கிலோ, ஒருவர் தூக்கிவிடலாம். பெட்டி மாதிரி வரும் கார்டு ஒன்று 150 கிராம் என்றால் 500-க்கு 75 கிலோ. ஆட்டோ பிடிக்க வேண்டும், கூரியர் செலவு பல மடங்காகும், வீடு வீடாகப் போகும்போது கைப்பையில் பத்துக்கு மேல் கொள்ளாது. தபாலில் அனுப்பப்போகிறீர்கள் என்றால் மாதிரி கார்டு ஒன்றை அஞ்சலகத்தில் எடை போட்ட பிறகு கனத்தை முடிவு செய்யுங்கள். கனமான அட்டையை மடிப்பதற்கு முன் கிரீசிங் (மடிப்புக் கோட்டை முன்கூட்டியே அழுத்திவிடுவது) போடச் சொல்லவும் மறக்க வேண்டாம். அது இல்லாமல் மடித்தால், முக்கியமாக மெரூன், கரும்பச்சை மாதிரி அடர் நிறங்களில், மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும்.

மஞ்சள் தடவுகிற வீடுகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். லேமினேஷன் போட்ட அட்டையில் மஞ்சள் பிடிக்காது, பக்கத்துக் கார்டில் போய் ஒட்டிக்கொள்ளும். பூச்சே இல்லாத காகிதத்தில் தண்ணீர் அதிகமான மஞ்சள் ஊறி எழுத்துக்குள் இறங்கிவிடும். லேமினேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான்கு மூலையிலும் ஒன்றரை சென்டிமீட்டராவது எழுத்தில்லாமல் விட்டு டிசைன் செய்யச் சொல்லுங்கள். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்துத் தடவி, காய்ந்த பிறகு அடுக்குங்கள்.

தங்க ஃபாயில் அழகுதான். ஆனால் தமிழ் எழுத்தின் உடம்புக்கு அது எல்லா அளவிலும் ஒத்துவராது. ண, ஞ, இ போன்ற சுழிகள் சின்ன அளவில் அடைபட்டுப்போகும், புள்ளி காணாமல் போகும். 'கார்த்திக்' கடைசியில் 'கார்த்திக' ஆகி நிற்பார். மணமக்கள் பெயருக்கும் தலைப்புக்கும் மட்டும் ஃபாயில் வையுங்கள். மற்ற வாசகம் சாதாரண மையில் இருக்கட்டும், எழுத்தும் 10 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற பத்திரிகையைத்தான் பத்திரமாக எடுத்து வைப்பார்கள்.

இனி, இந்தத் தெருவில் அதிகமாகத் தவறு நடக்கும் இடம்: வாசகம். டிசைனர் புதிதாகத் தட்டச்சு செய்வதில்லை, பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றுவார். மாற்ற மறந்தது அப்படியே தங்கிவிடும். கிழமை, நட்சத்திரம், லக்னம், மண்டபத்தின் பின்கோடு இந்த நான்கிலும்தான் பழசு ஒட்டிக்கொண்டிருக்கும். சித்திரையை ஒட்டிய கல்யாணங்களில் வருடப் பெயரும் மாறிவிடும். 2026 ஏப்ரல் 14-க்கு முன் விசுவாவசு, அன்று முதல் பராபவ. தை மாதத்தில் டிசைன் செய்த வைகாசிப் பத்திரிகையில் விசுவாவசு என்றே நிற்க வாய்ப்பு நிறைய. முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தவரிடமே திதி, நட்சத்திர வரியை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரம் வேறுபடும். ஒன்றைப் பார்த்துக் குறித்ததை இன்னொன்றை வைத்துத் திருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

எழுத்துருச் சிக்கலும் உண்டு. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு, அதாவது இன்றைய போன்களெல்லாம் படிக்கும் எழுத்துமுறை. பல டிசைனர்கள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, கொம்பும் காலும் சேர்ந்த ஒ, ஓ வரிசை எழுத்துகள் உடையும். எனவே நீங்கள் அனுப்பியது சரியாக இருந்தது என்பதால் வந்தது சரியாக இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். ஒப்புதலுக்கு வாட்ஸ்அப் படம் போதாது. படம் சுருங்குவதில் புள்ளியும் கமாவும் தெரியாது. பி.டி.எஃப். வாங்கி, உண்மை அளவில் காகிதத்தில் அச்செடுத்துப் பாருங்கள். பெண் வீட்டில் ஒருவர், மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், இரண்டு வீட்டையும் சேராத ஒருவர் என மூன்று பேர் வாய்விட்டுப் படிக்கட்டும். எண்களைத் தனியாக ஒருமுறை: தேதி, கிழமை, நேரம், கைபேசி. உறவினர் பெயர் வரிசையில்தான் மனஸ்தாபம் வரும் என்பதால், இரண்டு வீட்டாரும் அந்தக் காகிதத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை. ஆங்கிலப் பக்கத்தில் மணமக்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். திருமணப் பதிவின்போது பத்திரிகையும் சான்றாகக் கேட்கப்படும். 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் எழுத்து வேறுபாட்டோடு அலைவது வீண்.

பத்திரிகையைத் தனித்துவமாக்க அட்டையில் ஜன்னல் வெட்டுவதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. கடையில் காட்டும் மணமக்கள் கேலிச்சித்திரம் ஆயிரம் வீட்டுக்குப் போனது. அதற்குப் பதில் பாட்டி போடும் கோலத்தைப் படம் பிடித்துக் கொடுங்கள். காசிமேட்டுக் குடும்பம் என்றால் விசைப்படகு, ராயபுரம் என்றால் 1856-இல் திறந்த அந்த ரயில் நிலையத்தின் தூண் வரிசை. ஒரே நிறக் கோட்டோவியமாக வரைந்தால் ஸ்கிரீனிலும் ஃபாயிலிலும் துல்லியமாக விழும், கூடுதல் நிறச் செலவும் இல்லை. 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வழக்கமான வரிக்கு மேலே, வீட்டார் தங்கள் பேச்சில் இரண்டு வரி எழுதலாம். சுயமரியாதைத் திருமணம் என்றால் தலைமை, முன்னிலை, வாழ்த்துரை வரிசையை எழுதிக் கொடுத்துவிடுங்கள், டிசைனரின் ஊகத்துக்கு விடாதீர்கள்.

பின்பக்க வரைபடம் வடசென்னை மண்டபங்களுக்கு மிக அவசியம். பக்கத்து மெட்ரோ நிலையத்தின் பெயரை முழுதாகப் போடுங்கள். வண்ணாரப்பேட்டை வேறு, புது வண்ணாரப்பேட்டை வேறு. திருவொற்றியூர் வேறு, திருவொற்றியூர் தேரடி வேறு. வெளியூர்க்காரர் நிச்சயம் தடுமாறுவார். க்யூஆர் கோடு 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல், வெள்ளையில் கறுப்பாக இருக்கட்டும். ஃபாயிலில் அடித்தால் வெளிச்சம் பட்டுப் பல போன்களில் எடுக்காது. இலவசத் தளங்களில் உருவாக்கும் சில கோடுகள் கொஞ்ச நாளில் காலாவதியாகும், எனவே வரைபட இணைப்பை நேரடியாகவே கோடாக்குங்கள்.

எப்போது போவது? கல்யாணத்துக்கு 60 நாள் முன்பு தொடங்கினால் நிதானம், 45 நாள் என்பது கடைசி எல்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, கடை காலியாக இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஆவணிக்கும் தைக்குமான பத்திரிகைகள் அந்த மாதங்களில்தான் அச்சாகின்றன. டிசம்பரில் காலண்டர், டைரி வேலையும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மை காய நேரமெடுக்கும், அட்டை வளையும், கவர் பசை தானே ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் இரண்டு மூன்று நாள் கூடுதலாகக் கொடுங்கள்.

எண்ணிக்கையைத் தலைக்கணக்கில் போடாமல் குடும்பக் கணக்கில் போட்டு, அதன்மேல் 10 சதவீதம் சேருங்கள். பிறகு 50 மட்டும் தனியாக அடிக்கக் கேட்டால் ஆரம்பச் செலவு முழுதும் மறுபடி விழும். பெயர் எழுதும்போது பிழையாவது கவரில்தான், கவரை மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வாங்குங்கள். கட்டு பிரித்து எண்ணாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து இரண்டு கார்டை உருவிப் பாருங்கள், ஃபாயில் விட்டுப்போனதும் அச்சு சாய்ந்ததும் நடுவில்தான் இருக்கும்.

அதே பயணத்தில் தாம்பூலப் பையும் பேசிவிடலாம். துணி போலத் தெரியும் நெய்யாத பைகளைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2019 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் அதுவும் இருந்தது. பருத்தி மஞ்சப்பையில் ஒரு நிறத்தில் பெயர் அடித்தாலே நிறைவாக இருக்கும், வீட்டில் பல காலம் புழங்கும். முழுத் தேங்காயைப் போட்டு, கைப்பிடித் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

நிதானமாக உட்கார வைத்து, பத்து மாதிரி வரைந்து காட்டும் சேவை வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தெரு சரிப்படாது. கூட்ட நேரத்தில் கடைக்காரர் பொறுமையாகப் பேச மாட்டார், டிசைனர் பக்கத்தில் நிற்க இடமும் இருக்காது. வாசகத்தைத் தட்டச்சு செய்து, படத்தைத் தீர்மானித்து, எண்ணிக்கையோடு போகிறவர்களுக்கு வேலை சுத்தமாக முடியும். காரை எடுத்துப் போகாமல் உயர்நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. வார நாளில் காலை 11 மணிக்குப் போனால் டிசைனரும் இருப்பார், பேசவும் நேரம் கிடைக்கும்.