பங்கஸ் எடுக்கக் கொடுத்த லென்ஸ்: மலையக நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தேன். 14,500 ரூபா போனது. லென்ஸ் கெட்டுப்போனது. பூஞ்சணம் மட்டும் அப்படியே உள்ளே இருக்கிறது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நான் எதைக் கொடுத்தேன், எந்த நிலையில் கொடுத்தேன் என்று காட்ட என் கையில் ஒரு துண்டுக் கடதாசி கூடக் கிடையாது. உங்களுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

நான் இருப்பது பொகவந்தலாவைப் பக்கம். மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கினால் செப்டெம்பர் வரை இங்கே துவைத்த உடுப்பு ஒழுங்காகக் காயாது. சுவரில் ஈரம் ஊறும், அலமாரியில் வைத்த செருப்பிலும் பெல்ட்டிலும் பூஞ்சணம் பூக்கும். சிவனொளிபாதமலை சீசன் முடிந்ததும் கெமராவைப் பையோடு அலமாரிக்குள் வைத்தவன், வேலைப் பளுவில் இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. ஜூலையில் எடுத்து டோர்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸின் உள்ளே ஒரு கண்ணாடியின் ஓரத்திலிருந்து மெல்லிய வெள்ளை நூல்கள் கிளை பிரிந்து போயிருக்கின்றன.

கெமரா நிக்கோன் டி7200. லென்ஸ் டாம்ரொன் 17-50, எஃப் 2.8. இரண்டும் பழையதுதான், ஆனால் என் படங்களில் முக்கால்வாசி அந்த லென்ஸில் எடுத்தவை. பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில்தான் விசாரிக்காமல் ஓடினேன்.

உண்மையில் அவ்வளவு அவசரம் இருக்கவில்லை. ஓரத்தில் நாலைந்து நூல் இருந்தால் படத்தில் அது தெரியவே தெரியாது. அதிகமாகப் பரவினால்தான் வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படம் வெளிறும், கறுப்பு கறுப்பாக இருக்காது. ஆனால் அப்படியே விட்டுவிடவும் கூடாது. பூஞ்சணம் வெளியிடும் அமிலம் நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கும், அதன்பிறகு துடைத்தாலும் தடம் போகாது. ஆக, வளராமல் நிறுத்திவிட்டு நிதானமாக நல்ல ஆளைத் தேட எனக்கு நேரம் இருந்தது. அது அப்போது தெரியவில்லை.

பஸ் மாறி மாறி மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பயணம் செய்து அந்த நகரத்துக்குப் போனேன். கடை பெரிய கடைதான். கண்ணாடிப் பெட்டி நிறைய லென்ஸ்கள், சுவரில் கெமரா கம்பனிகளின் படங்கள். கல்லாவில் இருந்தவர் லென்ஸை வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"இது பெரிய வேலை இல்ல தம்பி. கழட்டித் துடைச்சா புதுசு மாதிரி வந்திடும். 9,000 ஆகும். கெமராப் பொடியையும் வச்சிட்டுப் போங்க, மாட்டிப் பார்க்கணும்ல?"

"எத்தனை நாள் அண்ணே?"

"மூணு நாள்."

பில் கேட்டேன். வேலை முடிந்ததும் தருவதாகச் சொல்லி, ஒரு சின்ன ஸ்டிக்கரில் என் பெயரையும் போன் இலக்கத்தையும் எழுதிப் பையில் ஒட்டினார். பொடி, லென்ஸ், பற்றரி, மெமரி கார்ட் எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இலக்கங்களைக் குறிக்கவில்லை, ஒரு படம் கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாள் மூன்று கிழமையானது. போன் எடுத்தால் நாளைக்கு என்பார்கள். பிறகு ஒரு நாள், உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது, அதையும் மாற்ற வேண்டியிருந்தது, 14,500 ஆகும் என்றார்கள். போனேன். கடையிலேயே ஒரு படம் எடுத்துக் கெமராத் திரையில் காட்டினார்கள். எதிர்ச் சுவரில் தொங்கிய கலண்டர். சரியாக நடுவில், நல்ல ஒளியில். பளிச்சென்று இருந்தது. காசைக் கொடுத்தேன். பில் போடும் பொடியன் சாப்பிடப் போய்விட்டானாம், வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். அது இன்றுவரை வரவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் அம்மா வேலையிலிருந்து நின்றார். 38 வருடம் கொழுந்து எடுத்தவர். கடைசி நாளன்று கொழுந்து மடுவத்துக்கு முன்னால் அம்மாவோடு வேலை செய்த பெண்கள் பதினான்கு பேரையும் நிறுத்திப் படம் எடுத்தேன். நல்ல மூடுபனி, வெளிச்சம் குறைவு. லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 வரை முழுதாகத் திறந்துவைத்து எடுத்தேன். அம்மா வெட்கப்பட்டு இடது ஓரத்தில் போய் நின்றுகொண்டார். நடுவுக்கு வாங்கம்மா என்று கூப்பிட்டும் வரவில்லை.

இரவு டார்க்டேபிள் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்தபோது இடது பக்கம் மங்கலாகத் தெரிந்தது. மூடுபனிதானே என்று முதலில் ஹேஸ் நீக்கும் கருவியைக் கூட்டினேன். பிறகு ஷார்ப்னஸ். அம்மாவின் முகத்தில் இருட்டும் புள்ளிகளும் ஏறினவே தவிர முகம் தெளியவில்லை. நடுவில் நின்ற அக்காவின் கொழுந்துக் கூடையில் ஒவ்வொரு பின்னலையும் எண்ணலாம். வலது பக்கத்தில் நிறுவைத் தராசின் இலக்கத்தை வாசிக்கலாம். அம்மாவின் கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே தூரத்தில்தான் நின்றார்கள்.

பழைய ரோ கோப்புகளை, அதாவது கெமரா பதியும் மூலக் கோப்புகளை, நான் அழிப்பதில்லை. ஏப்ரலில் எங்கள் வாசலிலிருந்து அதே லென்ஸில் எஃப் 4இல் எடுத்த எதிர்மலைப் படம் ஒன்று இருந்தது. அடுத்த நாள் காலையில் மூடுபனி விலகியதும் அதே இடத்தில் நின்று அதே அளவுகளில் எடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நூறு வீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏப்ரலில் இடது ஓரத்துத் தேயிலைச் செடிகள் தனித்தனியாக நின்றன. இப்போது அந்த இடம் பச்சைச் சேறு.

இதைச் செய்து பார்க்க உங்களுக்குச் சோதனைத் தாளோ கருவியோ தேவையில்லை, நம் ஊரில் வாசலைத் திறந்தாலே இருக்கிறது. அரைக் கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் ஒரு தேயிலை மலையை எஃப் 2.8இலும் எஃப் 4இலும் எடுங்கள். செடி வரிசைகள் படம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதால் எந்த ஓரம் மங்குகிறது என்று உடனே தெரியும். அப்புறம் கெமராவைத் தலைகீழாகப் பிடித்து அதே மலையை மறுபடி எடுங்கள். மங்கல் மலையின் மறுபக்கத்துக்கு மாறினால் பிழை லென்ஸில். மலையின் அதே பக்கத்திலேயே நின்றால் அங்கே மூடுபனி. எஃப் 8க்கு மூடினால் இந்தக் குறை பெரும்பாலும் ஒளிந்துகொள்ளும். நல்ல ஒளியில், படத்தின் நடுவில் ஒரு கலண்டரை எடுத்துக் காட்டினால் எந்தக் கெட்ட லென்ஸும் நல்ல லென்ஸாகத் தெரியும்.

பண்டாரவளையில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். பிலிம் காலத்திலிருந்து படம் எடுப்பவர், பழைய லென்ஸ்களைத் தானே கழற்றிப் பூட்டுவார். அவரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"தம்பி, இதை அளவு பொருந்தாத ஸ்க்ரூட்ரைவரால திறந்திருக்காங்க. ஒரு ஸ்க்ரூவோட தலை தேஞ்சிருக்கு, ஒண்ணு இல்லவே இல்ல."

பிறகு விளக்கினார். லென்ஸுக்குள் கண்ணாடிக் கூட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் நிற்க வேண்டும். அதற்காகத் தொழிற்சாலையில் மெல்லிய தகட்டு வளையங்களை அடியில் வைத்துச் சரிபார்த்துப் பூட்டுவார்கள். கழற்றும்போது எந்த வளையம் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளாமல் திரும்பப் பூட்டினால் கண்ணாடி ஒரு மயிரிழை சாய்ந்து உட்காரும். படத்தின் ஒரு பக்கம் போய்விடும். முன்கண்ணாடியையும் காட்டினார். வெளிச்சம் பட்டால் பச்சையும் ஊதாவுமாகத் திரும்பத் தெறிக்க வேண்டிய இடத்தில், ஒரு ரூபா நாணயம் அளவுக்கு வெறும் வெள்ளையாகத் தெறித்தது. கண்டதைப் போட்டுத் தேய்த்து மேற்பூச்சை எடுத்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வயிறு எரிந்தது. நிக்கோன் லென்ஸைக் கெமராவிலிருந்து கழற்றினால் உள்ளே ஒளி புகும் துவாரம் சுருங்கி மூடிக்கொள்ளும். பின்னால் இருக்கும் சின்ன நெம்பை விரலால் மெதுவாகத் தள்ளித் திறந்துவைத்து டோர்ச்சைச் சரித்து அடிக்க வேண்டும். அண்ணன் அப்படி அடித்துக் காட்டினார். நான் ஜூலையில் பார்த்த நூல்கள் பின்பக்கக் கண்ணாடியில் அப்படியே இருக்கின்றன. முன்பக்கத்தை மட்டும் திறந்திருக்கிறார்கள். பூஞ்சணம் இருந்த இடத்துக்கு அவர்கள் போகவே இல்லை.

பற்றரி விஷயத்தை நானேதான் கண்டுபிடித்தேன். டி7200இன் செட்அப் மெனுவில் பற்றரி இன்ஃபோ என்று ஒன்று உண்டு. அதில் பற்றரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 0 என்றால் புதியது, 4 என்றால் ஆயுள் முடிந்தது. என்னுடையது போன வருடம் வாங்கியது, மலைக்குப் போகும்போது 0 என்று பார்த்த ஞாபகம். இப்போது 3 காட்டுகிறது. அதே கம்பனிப் பற்றரிதான், ஆனால் என்னுடையது அல்ல, யாரோ தேய்த்து முடித்தது.

மறுபடி அந்தக் கடைக்குப் போனேன். எதிர்மலைப் படங்கள் இரண்டையும் பெரிதாக அச்சிட்டு எடுத்துப் போனேன். அவர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"நீங்க கொண்டு வரும்போதே அப்படித்தான் இருந்துச்சு தம்பி. இல்லேன்னு சொல்ல ஏதாவது வச்சிருக்கீங்களா?"

கொஞ்சம் சத்தமாகப் பேசியதும் இன்னொரு உண்மை வெளியே வந்தது. அந்தக் கடையில் லென்ஸ் திறக்கும் ஆளே இல்லை. வாங்கி வெளியில் யாருக்கோ அனுப்பி, வந்ததும் மேலே காசு வைத்துக் கொடுக்கிறார்கள். யாருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டார்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், 1977 என்ற இலக்கத்திலும் அழைக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். ஆனால் முறைப்பாட்டோடு வைக்கப் பில் வேண்டும். என்னிடம் இருப்பது பையில் ஒட்டிய ஸ்டிக்கர். அதில் இருப்பது என் பெயர், கடையின் பெயர் இல்லை.

எந்தக் கடையானாலும் சரி, தெரிந்தவர் கடையே ஆனாலும் சரி, கொடுக்கும் முன் லென்ஸிலும் பொடியிலும் பற்றரியிலும் இருக்கும் தொடர் இலக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டோர்ச் அடித்து உள்ளே இருப்பதையும் எடுங்கள். அன்றைக்குக் காலையில் எதிர்மலையை எடுத்த ரோ கோப்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். திகதி அதற்குள்ளேயே பதிவாகிவிடும். கடையில் நிற்கும்போதே, பொருள், இலக்கம், என்ன வேலை, எவ்வளவு காசு, எத்தனை நாள் என்று எழுதிக் கடை முத்திரையோடு வாங்குங்கள். தர மறுத்தால் பஸ் காசு போனது போகட்டும், திரும்பி வந்துவிடுங்கள். திறப்பது யார், பூட்டிய பிறகு அச்சுச் சரிபார்ப்பது எப்படி என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் இதைக் கேட்டால் கோபிக்க மாட்டார், அந்த அண்ணன் அரை மணித்தியாலம் சந்தோஷமாக விளக்கினார். பற்றரி, கார்ட், தோள்பட்டி எதையும் கொடுக்காதீர்கள். குறிப்பாக கார்ட். என் கார்டில் எங்கள் வீட்டுப் பெண்களின் படங்கள் இருந்தன, மூன்று கிழமை யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

பழைய லென்ஸ் என்றால் இன்னொரு கணக்கும் பாருங்கள். கழற்றிப் பூட்டும் செலவு அதே லென்ஸைச் சுத்தமாக இன்னொன்று வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் நான் இனித் திறக்கவே கொடுக்க மாட்டேன்.

பூஞ்சணம் வராமல் பார்த்துக்கொள்வது இதையெல்லாம் விடச் சுலபம், மலிவு. ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்க, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அது முளைக்கும். நம் அலமாரிகள் மழைக்காலம் முழுக்க அப்படித்தான் இருக்கின்றன. இப்போது இறப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதன் மானியும் போட்டுக் கெமராவை வைத்திருக்கிறேன். 40இலிருந்து 50க்குள் நிற்க வேண்டும். ரொம்பக் காயவிட்டால் உள்ளிருக்கும் கிரீஸுக்கு நல்லதல்ல. நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் தாச்சியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அந்தத் தாச்சியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அரிசி போட்டு வைக்கச் சொல்வார்கள், வேண்டாம். அரிசித் தூளும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடுதான். குளிரிலும் மூடுபனியிலும் நின்றுவிட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குள் படம் எடுக்கப் போகிறவர்கள் கெமராவைப் பையை விட்டு உடனே எடுக்க வேண்டாம். அந்தச் சூட்டில் கண்ணாடியில் நீர் கோர்க்கும். அரை மணித்தியாலம் பை மூடியே இருக்கட்டும்.

அம்மாவின் படத்தைச் சின்னதாக, அஞ்சலட்டை அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்த அளவில் மங்கல் அவ்வளவாகத் தெரியவில்லை. பதினான்கு பேரின் வீட்டுக்கும் ஒவ்வொன்று போயிருக்கிறது. பெரிதாக்கிச் சுவரில் மாட்டத்தான் முடியவில்லை.

உங்களில் யாராவது லென்ஸைக் கொடுத்து இதே மாதிரி வாங்கி வந்திருந்தால், எதிர்மலைப் படம் ஒன்றையும் கடையில் உங்களிடம் சொன்னதையும் எனக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால், அதில் ஒருவரிடமாவது பில் இருந்தால், முறைப்பாட்டை நான் எழுதுகிறேன்.