பழைய காருக்குச் சங்கிலியா, மறைவு சுவிட்சா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வொர்த் தெருக்களில் இன்னும் ஓடும் பழைய சிட்டி கோல்ஃப் கார்களைத் திருட்டிலிருந்து காப்பாற்ற அதிகச் செலவில்லாத வழிகள் இரண்டு.

ஸ்டீயரிங்கையும் கிளட்ச் பெடலையும் சேர்த்துக் கட்டும் தடித்த சங்கிலி வெளியிலிருந்தே தெரியும்; கண்ணாடியை உடைக்குமுன் திருடன் யோசிப்பான். ஆனால் ஸ்டீயரிங் வளையத்தை ஹாக்சா பிளேடால் அறுத்தால் போதும், சங்கிலி கழன்றுவிடும்.

திருடன் கண்ணில் படாத மறைவு சுவிட்சை, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரில் வைக்க வேண்டும். அணைத்துவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் வயரில் வைத்தால் வண்டி சற்று ஓடி அடுத்த ரோபாட்டுக்குள் (போக்குவரத்து விளக்கு) நின்றுவிடும். இணைப்பு தளர்ந்திருந்தால் நீங்கள் ஓட்டும்போதே இன்ஜின் அணையும்; அதனால் பொருத்தும் வேலையைக் கார் எலக்ட்ரீஷியனிடமே கொடுங்கள்.

என் ஓட்டு சுவிட்சுக்கே. இரவில் தெருவில் நிறுத்துபவர்கள் சங்கிலியையும் போடுங்கள். துப்பாக்கி காட்டினால் மட்டும் சுவிட்ச் இருக்கும் இடத்தையும் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுங்கள்.