மலையகப் பாதையை வீட்டுக்குள் அமைக்க: 'எச்.ஓ.' அளவா, 'என்' அளவா?

பதுளைப் புகையிரதத்தில் குடும்பத்தோடு சென்று வந்தவர்களில் சிலருக்கேனும், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடைப்பட்ட அந்தச் சில கிலோமீற்றர்களை வீட்டில் சிறிதாக அமைத்துப் பார்க்கும் ஆசை எழுவதுண்டு. எங்கள் வீட்டில் அந்த ஆசை பலகை வாங்கும் அளவுக்கு முற்றியபோது, எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டியிருந்தது மாதிரியின் அளவு பற்றிய கேள்விதான். பரவலாகப் புழங்கும் இரண்டில் ஒன்றான 'எச்.ஓ.' உண்மையின் 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீற்றர். மற்றதான 'என்' 160இல் ஒரு பங்கு. இடைவெளி 9 மில்லிமீற்றர். வெள்ளவத்தையில் கடலுக்கு அருகே தொடர்மாடியில் வசிக்கும் நாங்கள் 'எச்.ஓ.'வைத் தேர்ந்தெடுத்தோம். இடம் குறைந்த வீட்டுக்குப் பெரிய அளவு என்பது தலைகீழான முடிவாகத் தோன்றும் என்பதால், காரணங்களைச் சற்று விரித்தே எழுதுகிறேன்.

இலகுவானவற்றை முதலில் கடந்துவிடலாம். இரண்டுமே பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டியவை. உருவம் ஏறத்தாழப் பாதி என்பதற்காக 'என்' பாதி விலைக்கு வந்துவிடுவதில்லை. பாதையின் அகலத்திலும் வேறுபாடு இல்லை. இலங்கைப் புகையிரதப் பாதை 1,676 மில்லிமீற்றர் அகலம் கொண்டது, அது 'எச்.ஓ.'வில் 19.3 மில்லிமீற்றராகவும் 'என்'னில் 10.5 மில்லிமீற்றராகவும் அமைய வேண்டும். கடையில் கிடைப்பவையோ 1,435 மில்லிமீற்றர் பாதையைக் கணக்கில் கொண்டு செய்யப்பட்டவை என்பதால், இரண்டிலும் நம் பாதை ஒரே விகிதத்தில் ஒடுங்கித்தான் தெரியும். எஞ்சினையும் பெட்டிகளையும் வேறு நாட்டு மாதிரிகளிலிருந்து தெரிந்தெடுத்து நம் நிறங்களைப் பூச வேண்டியிருக்கும். அந்த வேலைக்குப் பெரிய அளவு கைக்கும் கண்ணுக்கும் இதமானது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

'என்' அளவின் உண்மையான வலிமை தெமோதரையில் வெளிப்படுகிறது. அங்கே நிலையத்தைக் கடக்கும் பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தின் வழியே வெளியேறுகிறது. மகளுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். மலையகப் பாதையின் கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதே ஏற்றத்தை மாதிரியிலும் கடைப்பிடிப்பதாக வைத்துக்கொண்டால், 'என்' அளவில் மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் இடையே ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் உயரம் கிடைக்க 2.2 மீற்றர் நீளமான பாதை தேவை. அதை வட்டமாக்கினால் விட்டம் 70 சென்ரிமீற்றர் வரும். 'எச்.ஓ.'வில் 8 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மூன்றரை மீற்றர் பாதையும், 1.1 மீற்றருக்கு மேற்பட்ட விட்டமும் வேண்டும். முன்னது சாப்பாட்டு மேசையில் அடங்கும். பின்னது அறையையே கேட்கும். இந்தக் கணக்கோடு நிறுத்தியிருந்தால் நாங்களும் 'என்' பக்கமே சாய்ந்திருப்போம்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே உள்ள ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு இவ்வளவு ஒருதலையாக இல்லை. 1921இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தப் பாலம், உருக்கைப் பயன்படுத்தாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பப்பட்டது. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் சுமார் 24 மீற்றர். 'என்' அளவில் அது 57 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட அழகிய பொருளாக மேசை மீது நிற்கும். 'எச்.ஓ.'வில் நீளம் ஒரு மீற்றரைச் சற்றுத் தாண்ட, உயரம் 28 சென்ரிமீற்றராகிறது. பள்ளத்தாக்கின் ஆழம் இந்த இரண்டாவதில்தான் உணரக் கிடைக்கிறது என்பது என்னுடைய எண்ணம், மறுப்பவர்களும் இருப்பார்கள்.

எங்கள் தேர்வை முடிவு செய்தது இவற்றில் எதுவும் அல்ல, பராமரிப்பு. இரு அளவுகளிலும் எஞ்சினுக்கு வேண்டிய மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகவே போகிறது. சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் ஊசிமுனையளவுதான். அங்கே எழும் நுண்ணிய தீப்பொறிகள் கரிய படிவொன்றை விட்டுச் செல்கின்றன. எந்த ஊரிலும் இது நடக்கும். கொழும்பிலோ ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம். கடலோர வீடாக இருந்தால் உப்பும் சேர்ந்துகொள்ளும். இன்றைய தண்டவாளங்களில் பெரும்பாலானவை நிக்கல் சில்வர் எனப்படும், செம்பும் நிக்கலும் நாகமும் கலந்த உலோகத்தால் ஆனவை; அவை இரும்பைப் போலத் துருப்பிடிக்காவிட்டாலும் இந்தக் காற்றில் மங்காமல் இருப்பதில்லை. சன்னலைத் திறந்து வைக்கும் வீட்டில், சில நாட்கள் ஓட்டாமல் விட்ட தண்டவாளத்தைத் துடைத்தால் வெள்ளைத் துணி கறுத்து வரும்.

அந்தப் படிவைப் பொருட்படுத்தாமல் ஓடுவதற்கு எஞ்சினுக்குப் பாரம் வேண்டும். 'என்' எஞ்சின் பெரும்பாலும் நூறு கிராமை ஒட்டியே இருக்கும், 'எச்.ஓ.' டீசல் எஞ்சினோ அதைப் போலப் பல மடங்கு கனமானது. கனமான எஞ்சின் சக்கரத்தைத் தண்டவாளத்தோடு நன்றாக அழுத்துவதால், சிறிய அழுக்கில் விளக்கு ஒருமுறை சிமிட்டினாலும் ஓட்டம் நிற்பதில்லை. இலேசான எஞ்சின் அதே இடத்தில் நின்றுவிடும். விரலால் தட்ட வேண்டும். மின்சாரம் ஒரு கணம் அறுந்தாலும் ஓட்டம் தொடரும்படி மின்தேக்கி பொருத்தலாம், 'எச்.ஓ.' எஞ்சின் கூட்டுக்குள் அதற்கு வழக்கமாக இடம் உண்டு, 'என்'னில் அதற்காக உள்ளேயிருக்கும் உலோகத்தைச் செதுக்க வேண்டி வரலாம். அப்படிச் செதுக்கினால் ஏற்கெனவே குறைந்த பாரம் இன்னும் குறையும்.

துடைக்கும் முறை இரண்டுக்கும் பொதுவானது. சாண்ட் பேப்பரைத் தண்டவாளத்தில் வைக்கவே கூடாது. அது போடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். பலர் ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பயன்படுத்துகிறார்கள். நாங்கள் அதைவிட, மண்ணெண்ணெயில் இலேசாக நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் ஒருமுறை அழுத்தித் துடைப்பதையே விரும்புகிறோம். அவ்வாறு துடைத்த தண்டவாளம் மெதுவாகவே கறுக்கிறது. வாடை போய் முழுதாக உலரும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. பிளாஸ்ரிக் சக்கரமுள்ள பெட்டிகளை உலோகச் சக்கரத்துக்கு மாற்றுவதும் பயன் தரும்.

இப்போது தெமோதரைக்குத் திரும்பினால், 'என்' அளவின் பெருமையே அதன் சுமையாகிவிடுவதைக் காணலாம். மலையைச் சுற்றி இறங்கும் அந்தச் சுருளை மேசைக்குள் அடக்க முடிகிறது. ஆனால் அந்தச் சுருளின் முக்கியப் பகுதி நிலையத்துக்கு அடியில், 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள சுரங்கத்துக்குள் இருக்கிறது. கை புகாத இடத்தில் உள்ள தண்டவாளமும் மற்றதைப் போலவே கறுக்கும், எஞ்சினும் அங்கேதான் நிற்கும். நிலையத்தையும் தேயிலைச் சரிவையும் கழற்றக்கூடிய துண்டுகளாகச் செய்யலாம்தான். மழைக்காலத்தில் ஒட்டுப்பலகை உப்பி, அந்தத் துண்டுகள் அரை மில்லிமீற்றர் விலகினாலே சிறிய சக்கரங்கள் தடம் புரளத் தொடங்கும். பலகையின் இரு பக்கமும் ஓரங்களும் வார்னிஷ் பூசப்பட வேண்டும் என்பது எந்த அளவுக்கும் உரிய விதி. கறையானுக்கு அஞ்சுபவர்கள் அலுமினியச் சட்டத்தின் மேல் கடினமான நுரைப்பலகையை வைக்கலாம்.

ஆகவே சுருளைக் கைவிட்டு, சுவரோரமாக 40 சென்ரிமீற்றர் அகலமான தட்டில் பாலத்தை மட்டும் 'எச்.ஓ.'வில் அமைத்தோம். ஒற்றைத் தடம், இரு முனைகளிலும் மூடி திறக்கும் பெட்டி போன்ற மறைவிடம், இடையில் பாலமும் தேயிலைச் சரிவும் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் ஒரு லயன் வரிசையும் மட்டுமே. புகையிரதம் வட்டமிடுவதில்லை, ஒரு பக்கம் மறைந்து, சற்று நேரம் கழித்துத் திரும்பி வருகிறது. நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடும் ஒற்றைப் பாதைக்கு இது பொருத்தமாகவே இருக்கிறது, மகள் இன்னும் முழுமையாக உடன்படாவிட்டாலும். தேயிலைச் சரிவுக்குக் காய்ந்த தேயிலைச் சக்கையைத் தூவும் வழக்கம் உண்டு. கொழும்பில் அதை அடுப்பில் நன்றாக வறட்டாமல் ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

'என்' அளவை நான் சொந்தமாக வைத்திருந்ததில்லை. நண்பர் ஒருவர் கொடுத்த சிறு வட்டத்தை எங்கள் வீட்டில் ஓட்டிப் பார்த்த அனுபவம் மட்டுமே உண்டு, அதுவும் பழைய எஞ்சின். நல்ல புதிய எஞ்சின் இதைவிடச் சிறப்பாக ஓடக்கூடும். தண்டவாள மின்சாரமே இல்லாமல் எஞ்சினுக்குள் பற்றரி வைத்து ஓட்டும் முறை மேலே சொன்ன குறைகளில் பலவற்றை நீக்கும்; அதற்கும் உள்ளே இடம் வேண்டும் என்பதால் அங்கேயும் 'எச்.ஓ.'வின் கையே ஓங்கும். மூடிய, குளிரூட்டிய அறையொன்றை இதற்கென ஒதுக்கக்கூடியவர்களும், கடலைவிட்டுத் தள்ளி வசிப்பவர்களும், வாரந்தோறும் துடைப்பதைச் சுமையாக எண்ணாதவர்களும் சுருளுக்காக 'என்' அளவை எடுப்பதில் தவறில்லை. அப்படி எடுத்தால், சுரங்கத்தின் பின்பக்கத்தை மேசையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, அந்தப் பக்கச் சுவரை மூடாமல் விடுங்கள்.